இடப்பக்கம் சிவப்பு

அந்த வாரம் சாவிக்காரருக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போலிருந்தது, எழுந்தால் உட்கார வேண்டும் போலிருந்தது. மேசைமேல் இழுவைக் கப்பல் நின்றது. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வருமே, அந்தச் சின்னக் கப்பலின் அச்சு அசல், முழங்கை நீளம்கூட இல்லாமல், பிளாஸ்டிக்கில். உடம்பு ஒட்டியாயிற்று, புகைபோக்கி ஒட்டியாயிற்று, தளத்தைச் சுற்றியுள்ள கைப்பிடிக் கம்பிகளைத் தலைமுடி கனத்துக்கு உரசி உரசி நிறுத்தியாயிற்று. பாக்கி இருந்ததெல்லாம் பொடிசுகள்தான். மிதவை வளையங்கள், தீயணைப்புக் குழாய், கயிற்றுச் சுருள், ஒரு மாலுமி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்குகள். ஒவ்வொன்றையும் பல்குச்சி நுனியில் ஒட்டி, தெர்மோகோல் துண்டில் நட்டு வைத்திருந்தார். வண்ணம் அடிக்க வேண்டியதுதான். வண்ணம் அடிக்கிறவள் திங்கட்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கண்காட்சியோ ஞாயிற்றுக்கிழமை.

பூட்டுக்கடை வைத்திருப்பதால் மாடல் கட்டும் கிளப்பில் அவருக்குச் சாவி என்றுதான் பெயர். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எலும்பைப் பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டிலாவது நாலு நிறம் பார்க்கிறேனே என்பாள். சாவிக்காரர் வெட்டுவார், உரசுவார், ஒட்டுவார். அவள் அடிப்பாள். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து இப்படித்தான். ஆனால் இது வீட்டுக்குள் மட்டுமே தெரிந்த ஏற்பாடு. வெளியில் எல்லாமே அவர் கைவேலை.

காரணம் சின்னதுதான், அவருக்குத்தான் மலை. சாவிக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இளவயதில் கப்பல் வேலைக்கு மனுப் போட்டு, நீச்சலில் தேறி, எழுத்தில் தேறி, கடைசியில் புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைக் காட்டி இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எண்ணே தெரியவில்லை. இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, அதைப் பார்த்துத்தான் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுகொள்ள வேண்டும், உமக்குத் தோதுப்படாது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வந்து, வேலை பிடிக்கவில்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்றார். அன்றைக்கு மூடிய வாய். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். ஒருநாள் பச்சைத் தக்காளியைப் பழம் என்று பொறுக்கி வாங்கி வந்தார். அடுத்த வாரம் அவர் பிரஷ்ஷை எடுத்தபோது, சரியான குப்பி தானாகவே அவர் கைக்கு எதிரே வந்து நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் பிரஷ்ஷே அவள் கைக்குப் போய்விட்டது. இதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதே கிடையாது.

போன ஞாயிறு கிளப் ஆட்கள் டீக்கு வந்திருந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் பார்த்துப் பழகிய மனுஷர், எதையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார். அலமாரியில் இருந்த மீன்பிடிக் கப்பலை எடுத்து, அரிசியளவு மாலுமியின் முகத்தில் இருந்த முந்தாநாள் தாடியைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இந்த முகத்துக்கு வண்ணம் அடிச்சது யாரு சாவி?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர். அவ பிரஷ் கழுவிக் கொடுப்பா."

அந்த நேரம் பார்த்து அவள் டீத் தட்டோடு கதவில் நின்றாள். எல்லாருக்கும் சிரித்த முகமாய் டீ கொடுத்தாள். மறுநாள் காலை, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எப்போது வருவாய் என்றதற்கு, தெரியவில்லை என்றாள்.

சாவிக்காரருக்குக் கோபம் வந்தால் சுத்தம் செய்கிற வியாதி உண்டு. அவளுடைய மேசைப்பக்கம் முழுவதையும் துடைத்து, குப்பிகளை எல்லாம் உயரவாரியாக அடுக்கிவைத்தார். அடுக்கி முடித்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. அவள் கடை வண்ணத்தை அப்படியே அடித்தவள் இல்லை. நாலைக் கலந்து ஐந்தாவதாக ஒன்றை உண்டாக்கி, கழுவிய சொட்டுமருந்துக் குப்பிகளில் ஊற்றி வைப்பாள். பெயர் எழுதி ஒட்டமாட்டாள். பார்த்தால் தெரியாதா என்பாள். அவை இருந்த இடத்தை வைத்தாவது ஏதோ கொஞ்சம் ஊகித்திருக்கலாம். இப்போது அதுவும் போயிற்று. புதிதாக வாங்கலாமென்றால் ஊரில் அந்த வண்ணம் விற்கிற ஒரே ஆளும் கிளப்காரர், கண்காட்சி வேலைக்காகக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். சாவிக்காரர் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். கடைக்குப் போய் ஒரு பூட்டைப் பிரித்தார், பூட்டுக்குள் மனம் போகவில்லை. பாதி மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல்காரர் கடை. குப்பிகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று அலமாரி மீன்பிடிக் கப்பலையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். கண்ணில் புரை விழுகிற மாதிரி இருக்கிறது, நிறமெல்லாம் மங்குகிறது என்று ஒரு பொய்யைச் சொன்னார். தையல்காரர் பாவம் நம்பினார். பொத்தான் பிரிக்கிற வேகத்தில் பிரித்து, சிவப்பு, அடர் பச்சை, செங்கல் நிறம், முகத்துக்கான தோல் நிறம் என்று ஒவ்வொன்றின் தலையிலும் துணிச்சீட்டு ஒட்டிக் கொடுத்தார்.

வேலை முடிந்தது, ஏறிப் போயிருக்கலாம். மனுஷனுக்குச் சந்தேகம் விடுகிறதா. மீன்பிடிக் கப்பலைத் திருப்பிக் காட்டி, இந்த இடப்பக்க விளக்குக்கு எந்தக் குப்பி பொருந்தும் என்று ஒத்துப்பார்க்கச் சொன்னார். தையல்காரர் பச்சைக் குப்பியை நீட்டினார். சாவிக்காரர், நன்றாகப் பாருங்கள், இடப்பக்கம் என்றார். தையல்காரர் நன்றாகப் பார்த்தார்.

"பச்சைதான் அண்ணே. அந்தப் பக்கம்தான் சிவப்பு."

சாவிக்காரர் கப்பலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கம் சிவப்பு என்பது, எந்த வேலை கிடைக்காமல் போயிற்றோ அந்த வேலையின் முதல் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதைத்தான் அவளிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கப்பலைப் போட்டியில் வைத்த வருஷம் முதல் பரிசு கைநழுவிப் போனது. நடுவர்கள் ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்று இன்றுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்தவர்கள் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். மாடி ஏறினார், ஒரு படகைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மறுபடி ஏறினார், தீயணைப்பு வண்டியோடு இறங்கினார். பயணிகள் படகு, பளுதூக்கி கிரேன், கலங்கரை விளக்கம், அலமாரியே தையல் மேசைக்கு இறங்கி வந்துவிட்டது. துணி கொடுக்க வந்த ஒருவர் உட்கார இடமில்லாமல் திரும்பிப் போனார். தையல்காரர் ஒவ்வொன்றாக வாசித்தார். பயணிகள் படகில் எல்லா இருக்கையும் பழுப்பு, ஒன்று மட்டும் பச்சை. தீயணைப்பு வீரருக்கு ஒரு காலில் கறுப்பு பூட்ஸ், இன்னொரு காலில் சிவப்பு. பளுதூக்கியை ஓட்டுகிறவருக்கு முகமே இளம்பச்சை. "இவருக்கு உசரம் ஒத்துக்காது போல, வாந்தி வர்ற முகம்" என்று தையல்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்கு அதெல்லாம் பிடித்துப்போயிற்று. என்ன குறும்பு அண்ணே உங்களுக்கு என்று பாராட்டவும் செய்தார். எல்லாவற்றிலும் இல்லை. சில மாடல்களில் ஒரு குறையும் கிடையாது. அதுதான் சாவிக்காரரை இன்னும் அரித்தது. தெரியாமல் செய்கிறவள் எல்லாவற்றிலும்தானே செய்திருப்பாள்?

மீன்பிடிக் கப்பலைத் துண்டில் சுற்றிக் கையில் இடுக்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குக் கிளம்பினார். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை, நடந்தார். நடந்த வேகத்தில் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டு, வழியில் நின்ற ஒருவரிடம் கேட்டுத் திரும்பி வந்தார். இத்தனை வருஷமாய்த் தன்னை முட்டாளாக்கி, வருகிறவன் போகிறவனெல்லாம் பார்த்துச் சிரிக்க அலமாரியில் வைத்திருக்கிறாள் என்கிற ஒன்றே மண்டையில் ஓடியது.

மச்சான் டயர் வியாபாரி, உருண்டு திரண்ட மனுஷர். நான் இடையில் வரமாட்டேன் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு, சரியாக இரண்டு பேருக்கும் இடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாவிக்காரர் உட்காரவில்லை. துண்டைப் பிரித்துக் கப்பலை அவள் முன்னால் வைத்தார்.

"விளக்கு மாறியிருக்கு."

"ஆமா."

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"தெரியாம நான் எதைப் போட்டிருக்கேன்?" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள், குரலை உயர்த்தாமல், எக்ஸ்ரேயில் எங்கே விரிசல் என்று காட்டுகிற மாதிரி. பளுதூக்கி முடிகிற நேரத்தில் அவருடைய சித்தப்பா வந்து, வண்ணம் யார் வேலை என்று கேட்டார். சாவிக்காரர் நான்தான் என்றார். அன்றைக்கு ஓட்டுநருக்குப் பச்சை முகம். பயணிகள் படகைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக் கேட்டபோதும் நான்தான். அன்றைக்கு ஓர் இருக்கை. மீன்பிடிக் கப்பல் முடிகிற நேரத்தில் டாக்டரே ஒருமுறை கேட்டிருந்தார், அன்றைக்கு விளக்கு. யாரும் கேட்காத மாடல்களில் அவள் எதையும் மாற்றவில்லை. என்றைக்காவது ஒருவர் இது என்ன தப்பு என்று கேட்பார், உடனே சாவிக்காரர் வந்து தன்னிடம் கேட்பார், அப்போதாவது பேச்சு வரும் என்று காத்திருந்தாளாம். ஒருவரும் கேட்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் ஏதோ புதுப் பாணி என்று விட்டுவிட்டார்கள்.

சாவிக்காரருக்குக் கோபம் பாதி வழியில் நின்றுபோயிற்று, ஆனால் இறங்கி வரத் தெரியவில்லை. "நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"எதைன்னு சொல்றதுங்க? உங்களுக்கு நிறம் தெரியாதுன்னு நீங்க என்கிட்டகூட ஒரு நாளும் சொன்னதில்ல. உங்க வாயால வராத விஷயத்தை நான் எப்படிப் பேசுறது? அதைப் பேசாம, அடிக்கிறது நான்தான்னு எப்படிச் சொல்றது?"

மச்சான் தரையைப் பார்த்தார். சாவிக்காரர் வாயைத் திறந்தார். இரண்டே வார்த்தைதான், தெரியாது எனக்கு என்று சொன்னால் போதும். கடைசியில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். குடித்துவிட்டு, கப்பலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவள் வாசல்வரை வந்தாள், வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. பூட்டிக் கிடக்கிற எதையும் திறந்துவிடுவேன் என்று கடைப் பலகையில் எழுதி வைத்திருக்கிற ஆள்.

வெள்ளியும் சனியும் கடையைத் திறக்காமல் அவரே வண்ணம் அடித்தார். துணிச்சீட்டை வாசித்து, குப்பியைத் திறந்து, பிரஷ்ஷைத் தொட்டு வைத்தார். பூட்டின் உள்ளே இருக்கிற கடுகளவு முனையைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிற கை, மிதவை வளையத்தில் கோடு போட வராமல் வழுக்கியது. வண்ணம் கெட்டியாக இருந்தால் திட்டுத் திட்டாக நின்றது. நீர்க்க விட்டால் ஓரத்துக்கு ஓடிப் போயிற்று. மாலுமியின் முகத்துக்கு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசிமுனையால் கண் வைத்தார். ஒரு கண் நெற்றியில் ஏறிவிட்டது. துடைத்தார், மூக்கும் சேர்ந்து போயிற்று. மறுபடி அடித்தார். எழுந்து அறையைச் சுற்றினார், வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இதைத்தான் அவள் டிபன் வேலை முடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, மூலைநாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி செய்வாள். மீன்பிடிக் கப்பலில் அவள் அடித்த தாடியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். நிறம் என்ன என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் ஒரு கோடுகூட அடுத்த கோட்டின்மேல் விழவில்லை என்பது தெரிந்தது. அதைப் பார்க்க நிறம் தெரிய வேண்டியதில்லை. இத்தனை வருஷம் அதைக்கூடப் பார்க்கவில்லையே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. விளக்கு இரண்டையும் கடைசியாக அடித்தார். இடப்பக்கம் சிவப்பு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. வரிசையாக மேசைகள், மேசைக்கொரு ஆள், ஆளுக்கொரு பெருமை. சாவிக்காரர் இழுவைக் கப்பலை வைத்துவிட்டுப் பின்னாலும் முன்னாலும் நடந்துகொண்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்தார்கள், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். போகிற வேகத்திலேயே எல்லாம் தெரிந்தது. பல் டாக்டர் கண்ணாடியோடு வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. உடம்பு சரியில்லையா சாவி என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

டாக்டரின் தோளுக்குப் பின்னால் மச்சான் தெரிந்தார். அவர் அகலத்துக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்தாள், டூட்டிக்கு நடுவில் வந்திருக்க வேண்டும். எல்லாரையும் போல டிக்கெட் வாங்கி வந்த பார்வையாளர் மாதிரி கப்பலுக்கு எதிரே நின்று, பக்கவாட்டில் பார்த்தாள், மேலிருந்து பார்த்தாள். முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல, டாக்டர் காதுபடக் கேட்டாள்:

"இதுக்கு வண்ணம் அடிச்சது யாருங்க?"

"நான்தான்" என்றார் சாவிக்காரர்.

அவள் முகம் மாறவில்லை. பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள், கிளம்புகிறவள் மாதிரி. அதைப் பார்த்ததும் அவருக்கு உள்ளே ஏதோ கழன்றுவிட்டது.

"நான்தான், அதனாலதான் இந்த லட்சணத்துல இருக்கு. இதுக்கு முன்னால நீங்க பார்த்தது ஒண்ணுகூட நான் அடிச்சதில்ல டாக்டர். எல்லாம் இவ அடிச்சது. எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. சின்ன வயசிலிருந்தே தெரியாது."

டாக்டர் நிமிர்ந்தார். மாறிக் கிடந்த விளக்கும் ஒற்றைச் சிவப்பு பூட்ஸும் தன் கண்ணில் பட்டிருக்கின்றன என்றும், அவற்றைச் சாவியின் முத்திரை என்று நினைத்துக் கிளப்பில் எல்லாரும் ரசித்து வந்ததாகவும் சொன்னார். முத்திரைதான், ஆள்தான் வேறு என்று மச்சான் சொல்லிவிட்டு, நான் இடையில் வரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். டாக்டர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். கிளப்பில் சேர முடியுமா, முகம் அடிக்க மற்றவர்களுக்குக் கொஞ்சம் காட்டிக்கொடுக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

"அது அப்புறம் டாக்டர். முதல்ல இவர் சொல்லி முடிக்கட்டும்" என்றாள்.

சொல்லியாயிற்றே என்று சாவிக்காரர் விழித்தார். அவள் மோவாயால் அடுத்த மேசையைக் காட்டினாள். அங்கே வண்ணக் கடைக்காரர் தன் விமானத்தோடு உட்கார்ந்திருந்தார்.

போனார். சொன்னார். முதல் மேசையில் நாக்கு ஒட்டிக்கொண்டது, இரண்டாவதில் வார்த்தை முன்பின்னாக வந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. சிலர் தோளில் தட்டினார்கள். ஒருவர் எனக்கு அப்பவே சந்தேகம் என்றார், அவருக்கு எதிலும் அப்பவே சந்தேகம். கொஞ்சப் பேர் அவரை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டு, அந்தத் தாடி எப்படி, அந்தத் துரு எப்படி என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அது வலித்தது, வலிக்கட்டும் என்றும் இருந்தது. அவள் பதில் சொல்லிக்கொண்டே அவருக்கு இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தாள், நிறுத்தச் சொல்லவில்லை.

கடைசி மேசையில் இருந்தவர் வெளியூர்க்காரர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தார். சாவிக்காரரைப் பார்த்ததும் கிடையாது, அவருடைய கப்பல்களைப் பார்த்ததும் கிடையாது. அவரிடமும் போய் நின்று, எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது, இதுவரைக்கும் எல்லாம் என் வீட்டுக்காரி அடித்தது, நான் அடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று ஒப்பித்தார். வெளியூர்க்காரர் திருதிருவென்று முழித்தார்.

"சரிங்க. இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

சாவிக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் சிரித்தாள்.

"சொல்லட்டும் விடுங்க. இத்தனை வருஷமா வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது."

வெளியூர்க்காரருக்கு என்ன புரிந்ததோ, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சாவிக்காரர் உட்கார்ந்தார்.